மகரமும் திமிங்கிலமும்

தென்காசியில் கடல் கிடையாது. ஆனாலும் ஒரு கடல் விலங்கு நம்மைச் சுற்றி இருக்கிறது. அதுதான் மகரம்.

யானையின் துதிக்கை, முதலையின் வாய், மீனின் உடல். இப்படி ஒரு விலங்கை யாரும் பார்த்ததில்லை. வருணனுக்கும் கங்கைக்கும் இதுவே வாகனம். 15ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் கட்டிய நம் காசி விசுவநாதர் கோயிலில் ரதி, மன்மதன் சிலைகளைப் பார்த்திருப்பீர்கள். அந்த மன்மதனுக்கு 'மகரக்கொடியோன்' என்று ஒரு பெயர் உண்டு. செங்கோட்டையைத் தாண்டி ஆரியங்காவுக்குப் போனால், நம் தை மாதத்தை 'மகரம்' என்கிறார்கள்.

குற்றால அருவியின் நீர் சிற்றாறாக ஓடி, தாமிரபரணியில் கலந்து கடலுக்குப் போகிறது. வழியில் தென்திருப்பேரை. அங்குள்ள பெருமாளின் திருநாமம் மகரநெடுங்குழைக்காதர். மகர வடிவக் குழையைக் காதில் அணிந்தவர் என்று பொருள். பயமுறுத்திய விலங்கு காதணியாகிவிட்டது!

திமிங்கிலம் என்ற சொல்லும் கதையில் பிறந்ததுதான். வடமொழியில் 'திமி' என்றால் மிகப் பெரிய மீன். அதை விழுங்குவது திமிங்கிலம். அதையும் விழுங்குவது திமிங்கிலகிலம்! இன்று நடுவில் உள்ள சொல் மட்டும் உண்மையான ஓர் உயிரினத்தின் பெயராக நிலைத்துவிட்டது.

பயம் வழிபாடாகவும் மாறியது. பரதவர்கள் சுறாவின் கொம்பை நட்டு வணங்கியதைப் பட்டினப்பாலை சொல்கிறது. ரம்பம் போன்ற மூக்குடைய வேளா மீனின் கொம்பாக அது இருக்கலாம். இன்று வேளா மீன் அரிதாகிவிட்டது. 2001 முதல் அதைப் பிடிப்பது சட்டப்படி குற்றம்.

சிற்றாற்று நீர் சேரும் அதே தூத்துக்குடி மாவட்டக் கடற்கரையில், 1973 ஜனவரியில் 147 திமிங்கிலங்கள் கரை ஒதுங்கின. 2016 ஜனவரியில் மணப்பாடு அருகே மீண்டும் 80க்கும் மேற்பட்டவை ஒதுங்கின. கதைகளில் கப்பலையே விழுங்கும் விலங்கு, மணலில் புரள முடியாமல் கிடந்தது. அவற்றைக் கண்டு மீனவர்கள் ஓடவில்லை. கடலுக்குள் தள்ளிவிட்டுக் காப்பாற்றப் பார்த்தார்கள். பல மீண்டும் கரைக்கே வந்து இறந்தன.

ஒரு காலத்தில் கடல் விலங்குக்கு மனிதன் பயந்தான். அந்தப் பயம் நம் மொழியில் பத்திரமாக இருக்கிறது. விலங்குகள் பத்திரமாக இருக்கின்றனவா? அடுத்த முறை கோயிலில் மகர தோரணத்தைப் பார்க்கும்போது இதையும் நினைத்துப் பாருங்கள்.