பத்து டன் கல்லும் மூன்று ஸ்பிரிங்கும்

சென்னை நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில், வானிலை ஆய்வு மைய வளாகத்துக்குள் ஒரு கருங்கல் தூண் நிற்கிறது. எடை சுமார் 10 டன். 1792 என்ற ஆண்டும், கட்டிய மைக்கேல் டாப்பிங்கின் பெயரும் அதில் வெட்டப்பட்டிருக்கின்றன. தமிழிலும் தெலுங்கிலும்கூட எழுத்து உண்டு. பார்த்தால் ஏதோ போர் வெற்றிக்கு நட்ட தூண் மாதிரி இருக்கும். உண்மையில் அது ஒரு ஸ்டாண்டு. அதன் தலையில் உட்கார்ந்திருந்தது ஒரு சின்னத் தொலைநோக்கி.

அந்தத் தொலைநோக்கி வடக்கு தெற்காக மட்டும் ஏறி இறங்கும். ஒரு நட்சத்திரம் உச்சிக்கோட்டைக் கடக்கும் நொடியைக் குறிப்பதுதான் அதன் வேலை. அந்த நொடியிலிருந்து மணி, மணியிலிருந்து தீர்க்கரேகை. சென்னையின் அட்சரேகையில் ஒரு நொடி பிசகினால் தரையில் சுமார் 450 மீட்டர் பிசகும். பார்ப்பவர் கால் மாற்றி நின்றால்கூட அந்த அசைவு கருவிக்குப் போகக்கூடாது. அதனால்தான் இப்படிப்பட்ட தூண்களைக் கட்டடத்தின் தளத்தோடு ஒட்டவிடாமல், தனி அஸ்திவாரத்தில் நிறுத்துவது வானியலாளர்களின் வழக்கம். ஜவ்வாது மலையில் காவலூரில், 1986-இல் திறந்த 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி வரைக்கும் வானியல் அந்தப் பிடிவாதத்தை விடவில்லை.

நுங்கம்பாக்கத்தில் கணித்த 'மெட்ராஸ் நேரம்' 1905 வரை இந்திய ரயில்களை ஓட்டியது. 1867-இல் ஒரு மாறொளி விண்மீனைக் கண்டுபிடித்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி அங்கே வேலை பார்த்தவர். எனக்குப் பிடித்த கதை வேறு. அங்கிருந்த வானியலாளர் ஜான் கோல்டிங்ஹாம், கோட்டையிலும் பரங்கிமலையிலும் சுடும் பீரங்கிகளின் வெளிச்சத்துக்கும் சத்தத்துக்கும் இடையிலான நேரத்தை அளந்து, ஒலியின் வேகத்தைக் கணக்கிட்டார். 1823-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் அது வெளியானது. ஆடியோ பைத்தியங்கள் இந்தத் தூணைச் சொந்தம் கொண்டாட இதுவே போதும்.

கொண்டாடுகிறார்கள். ஆனால் பாதியை மட்டும். ஆம்ப்ளிஃபையருக்கும் ரெக்கார்டு பிளேயருக்கும் அடியில் வைக்க பளபள கருங்கல் பீடங்கள் என்ன விலைக்கு விற்கின்றன என்று தேடிப் பாருங்கள். கல்லை எடுத்துக்கொண்டவர்கள் தரையை மறந்துவிட்டார்கள். டாப்பிங்கின் தூணுக்குக் கீழே பூமி இருந்தது. மாடி அறையில் வைத்த பலகைக் கல்லுக்குக் கீழே இருப்பது கான்கிரீட் தளம். தளம் ஆடினால் கல்லும் கூடவே ஆடும்.

வேங்கிக்காலில், வேலூர் சாலையை ஒட்டிய ஒரு மாடி வீட்டில் இருக்கும் என் மாமாவுக்கு இதைப் புரியவைக்க ஒரு மாலை ஆனது. "இவ்ளோ கனமான கல்லு, எப்புட்றா ஆடும்?" என்றார். "பஸ்ஸுல உக்காந்திருக்கிற குண்டு ஆளு பஸ்ஸோட ஆடுறாரா இல்லையா மாமா?" என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

எதிர்த்திசையில் யோசித்தவர் அமெரிக்காவின் எட்கர் வில்ச்சர். 1961-இல் வந்த அவருடைய ஏ.ஆர். பிளேயரில், இசைத்தட்டு சுழலும் தட்டையும் ஊசி தாங்கும் கையையும் ஒரே சட்டத்தில் பூட்டி, அந்தச் சட்டத்தை மூன்று ஸ்பிரிங்கில் விட்டுவிட்டார். மோட்டார் தனியாக வெளியே நின்றது. பெல்ட் மட்டும் இணைப்பு. ஊசியும் தட்டும் சேர்ந்தே ஆடினால் ஊசிக்கு ஆட்டமே தெரியாது. பள்ளத்தின் நுண்ணிய வளைவுகள் ஒரு மைக்ரானுக்கும் கீழே என்பதை நினைத்தால் இது எவ்வளவு முக்கியம் என்று புரியும். பிறகு தோரன்ஸ், லின் எல்லாம் இந்த வழியில்தான் வந்தன.

கணக்கு எளிது. எடை ஏறியதும் ஸ்பிரிங் 1 செ.மீ. அமுங்கினால் அதன் இயல்பு அதிர்வெண் சுமார் 5 ஹெர்ட்ஸ், 4 செ.மீ. அமுங்கினால் 2.5. அந்த எண்ணைப்போல் 1.4 மடங்குக்கு மேலே வரும் அதிர்வுகள் மட்டுமே குறையும். அந்த எண்ணிலேயே வரும் ஆட்டத்தை ஸ்பிரிங் பெரிதாக்கிவிடும். மெல்லிய ரப்பர் பாதம் ஒரு மில்லிமீட்டர்கூட அமுங்காது, அதனால் 15 ஹெர்ட்ஸுக்குக் கீழே அது ஒன்றும் செய்யாது. லாரியும் பஸ்ஸும் தரைக்கு அனுப்பும் ஆட்டம் பெரும்பாலும் 10 ஹெர்ட்ஸை ஒட்டித்தான் வரும். ஊசியும் கையும் சேர்ந்து ஒத்ததிர்வதும் 8 முதல் 12-க்குள்தான். வேலூர் பஸ் சரியாக வலிக்கிற இடத்தில் குத்துகிறது.

ஊசி இல்லாத கருவிகளுக்கு, அதாவது டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையருக்கும் டிஜிட்டல் பெட்டிகளுக்கும், பீடம் என்பது என் கணக்கில் ஃபர்னிச்சர்தான். வால்வு ஆம்ப்ளிஃபையருக்கு மட்டும் கொஞ்சம் விதிவிலக்கு, வால்வைத் தட்டினால் ஸ்பீக்கரில் கேட்கும்.

மாமாவின் கல்லைத் தூக்கிப் போடவில்லை. கனம் வேண்டும், கனம் இருந்தால்தான் மெத்தென்ற ஸ்பிரிங் நன்றாக அமுங்கி மெதுவாக ஆடும். கல்லுக்குக் கீழே குழந்தை சைக்கிளின் டியூபை வைத்து, அரை வயிறு காற்றடித்தோம். இப்போது பஸ் போனால் ஜன்னல் கண்ணாடி மட்டும் அதிர்கிறது. பத்து நாளைக்கு ஒருமுறை அத்தைதான் பம்ப் அடிக்கிறார்.