காற்றும் பாலமும்

மாதுங்காவிலிருந்து மாஹிம் கடற்கரைக்கு வரும் நேயர்களுக்கு, 2009-இல் திறக்கப்பட்ட பாந்த்ரா–வொர்லி கடற்பாலத்தின் கம்பிவடங்கள் கண்ணிற்படும். அத்தகைய வடங்களுக்குப் புயலைவிட மழையோடு கூடிய மிதமான காற்றே பகை எனலாம். வடத்தின்மேல் வழியும் நீர்க்கோடு அதன் உருண்டை வடிவைக் கெடுக்கிறது. வடம் ஊசலாடத் தொடங்குகிறது.

காற்றை அலட்சியம் செய்ததன் பலனை அமெரிக்க நாட்டு டகோமா பாலம் 1940 நவம்பரில் கண்டது. திறந்து நான்கே மாதங்களில் முறுகி முறுகி நீரில் வீழ்ந்தது. நமது பழைய பாம்பன் பாலத்திலோ, காற்றின் வேகம் மணிக்கு 58 கிலோமீட்டரை மிஞ்சினால் ரயிலை நிறுத்திவிடுவதே காப்பாக இருந்தது.

1940-களின் இறுதியில் ஜேக்கப் ரேபினோ என்ற அமெரிக்கர், எண்ணெயில் நுண்ணிய இரும்புத்தூளைக் கலந்து காந்தவிசைக்கு உட்படுத்தினார். கணப்பொழுதில் அது கெட்டியாக இறுகிற்று. அவர் நாடியது இயந்திரங்களுக்கான கிளச்சுதான், பாலத்தை அன்று. அந்த எண்ணெய் அடைத்த 312 தணிப்பான்களைச் சீனர்கள் 2002-இல் டோங்டிங் ஏரிப் பாலத்தின் வடங்களில் பொருத்தினர்.

இதனை 'அரை இயக்கத் தணிப்பு' என்று பெயர்க்கிறேன். மொழிபெயர்ப்பாளனாகிய எனக்கே நாவில் இடறுகிறது. பொருள் எளிது. இது வடத்தைத் தள்ளுவதில்லை. ஆட்டத்திற்கேற்ப முரண்டு மட்டும் பிடிக்கிறது. அதற்குச் சிறிதளவு மின்சாரமே போதும். புயலிரவில் முதலில் போவது மின்சாரமன்றோ! அது நின்றாலும், எண்ணெய் எண்ணெயாகவே இருந்து ஓரளவு ஆட்டத்தைத் தடுத்துக்கொண்டிருக்கும்.