மரத்தை வளைத்த தச்சர்

வேலியின் தலைப்பு வளைவாக இருந்தால், அதன்மேல் பதிக்கும் மரச்சட்டத்துக்கு என்ன செய்வீங்க? வளைவாக அறுத்தால் நார் ஓட்டம் அறுபடும், அங்கேதான் ஒடியும். அப்படியே வளைத்தாலோ வெளிப்பக்கம் பிளக்கும்.

ஜெர்மனி தச்சர் மைக்கேல் தோனட் இந்த முயற்சியில் கடன்பட்டுச் சொத்தை இழந்து, 1842-ல் குடும்பத்தோடு வியன்னாவில் குடியேறினார். முதலில் மெல்லிய பட்டைகளைப் பசையில் வேகவைத்து ஒட்டி வளைத்தார். கப்பலேறிய நாற்காலிகள் ஈரக்காற்றில் பிரிந்து போயின!

பிறகு முழு மரத்தையே ஆவியில் வேகவைத்தார். வெந்த மரம் அமுங்கும், ஆனால் நீளாதுங்க. ஆகவே வெளிப்பக்கம் இரும்புப் பட்டையை இறுக்கிச் சேர்த்தே வளைத்தார். உள்பக்கம் அமுங்கிக் கொடுத்தது, வெளிப்பக்கம் பிளக்கவில்லை. அச்சில் கட்டியபடியே காயவிட்டார். 1856-ல் காப்புரிமை கிடைத்தது. 1859-ல் வந்த அவருடைய 14-ஆம் எண் நாற்காலியைப் பிரித்து அடுக்கினால், ஒரு கன மீட்டர் பெட்டியில் 36 அடங்கும்.