பயத்தில் பிறந்த ஜப்பானிய வகுப்பு

ஒரு நாட்டின் மொழியை மற்றொரு நாட்டுக்காரர்கள் எதற்காகப் படிப்பார்கள்? வியாபாரத்துக்காக, வேலைக்காக, இலக்கியத்துக்காக என்று பல காரணங்கள் சொல்லலாம். ஆனால் ஆஸ்திரேலியாவின் சிட்னி பல்கலைக்கழகத்தில் ஜப்பானிய மொழி நுழைந்ததற்குக் காரணம் இவை எதுவுமில்லை. பயம்தான் காரணம்! அந்த வகுப்புக்குப் பணம் கொடுத்ததே பாதுகாப்புத் துறைதான்.

1905-ல் ரஷ்யாவைப் போரில் தோற்கடித்தது ஜப்பான். ஆசியாவில் ஒரு புதிய வல்லரசு தலையெடுத்ததைக் கண்டு ஆஸ்திரேலியா கவலைப்பட்டது. வெள்ளையர் அல்லாதவர்கள் குடியேறுவதைத் தடுக்க 1901-லேயே சட்டம் போட்டிருந்த நாடு அது. முதல் உலகப்போரில் ஜப்பான் பிரிட்டனின் கூட்டாளி. 1914-ல் ஆஸ்திரேலிய வீரர்களை ஏற்றிச் சென்ற கப்பல்களுக்குக் காவலாகப் போனவற்றில் இபுகி என்ற ஜப்பானியப் போர்க்கப்பலும் ஒன்று. ஆனாலும் சந்தேகம் தீரவில்லை. நாளை இதே ஜப்பான் எதிரியானால் அவர்கள் பேசுவதைப் புரிந்துகொள்ள நம்மிடம் ஆள் இருக்கிறதா என்ற கேள்வி எழுந்தது.

அதற்காக 1917-ல் அழைக்கப்பட்டவர் ஜேம்ஸ் மர்டாக். ஸ்காட்லாந்தில் பிறந்தவர், ஜப்பானில் பல ஆண்டுகள் ஆசிரியராக இருந்தவர், ஜப்பானின் வரலாற்றைப் பெரிய நூலாக எழுதியவர். பிற்காலத்தில் ஜப்பானின் புகழ்பெற்ற நாவலாசிரியரான நட்சுமே சோசெகி இவருடைய மாணவர்! சிட்னி பல்கலைக்கழகத்திலும் டன்ட்ரூன் ராணுவக் கல்லூரியிலும் ஜப்பானிய மொழி கற்பிக்கும் பொறுப்பு இவரிடம் வந்தது.

அடுத்த ஆண்டே டோக்கியோவின் வசேடா பல்கலைக்கழகம் நல்ல சம்பளத்தில் அவரைக் கூப்பிட்டது. அவரை விட மனமில்லாத சிட்னி பல்கலைக்கழகம் பேராசிரியர் பதவி கொடுத்தது. இதற்காக ஆண்டுக்கு 600 பவுண்டு பாதுகாப்புத் துறையிலிருந்து வந்தது. பதிலுக்கு மர்டாக் ஆண்டுதோறும் ஜப்பான் போய், அங்குள்ள மக்களின் மனநிலையையும் அரசின் போக்கையும் அறிந்து வர வேண்டும். பாதி ஆசிரியர், பாதி தகவலாளர் என்றே சொல்லலாம்.

1921-ல் மர்டாக் இறந்தார். அவருக்குப் பின் வந்த ஆர்தர் சாட்லர் 1922 முதல் 1947 வரை அந்தப் பதவியில் இருந்தார். இவருடைய ஆர்வம் முழுக்கப் பண்பாட்டில். ஹெய்கே மோனோகதாரி என்ற பழைய போர்க்கதையை ஆங்கிலத்தில் தந்தார். ஜப்பானியத் தேநீர்ச் சடங்கைப் பற்றித் தனி நூலே எழுதினார். ராணுவத்துக்காகத் தொடங்கிய துறையில் இலக்கியமும் தேநீரும் இடம்பிடித்தன.

அப்படியானால் வணிகம்? அது பல்கலைக்கழகத்தைக் கேட்காமலே வளர்ந்துகொண்டிருந்தது. ஆஸ்திரேலியக் கம்பளியை வாங்குவதில் 1930-களில் ஜப்பான் முன்னணியில் இருந்தது. ஆனால் பிரிட்டிஷ் துணிகளைக் காப்பாற்றுவதற்காக 1936-ல் ஆஸ்திரேலியா ஜப்பானியத் துணிகள் மீது கடுமையான சுங்க வரி போட்டது. ஜப்பான் சும்மா இருக்குமா? கம்பளி வாங்குவதை நிறுத்தியது. நல்ல வாடிக்கையாளரைத் தானே துரத்திய கதை இது! பிறகு சமரசம் ஏற்பட்டாலும் பழைய நிலை திரும்பவில்லை. 1938-ல் இரும்புத் தாது ஏற்றுமதிக்கு ஆஸ்திரேலியா தடை விதித்தது. அதே ஆண்டு போர்ட் கெம்ப்ளா துறைமுகத் தொழிலாளர்கள், சீனா மீது குண்டு போட உதவும் என்று சொல்லி, ஜப்பானுக்குப் போகும் வார்ப்பிரும்பைக் கப்பலில் ஏற்ற மறுத்தார்கள்.

பிறகு போர் வந்தது. மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் ஏறத்தாழ 20 ஆண்டுகள் ஜப்பானிய மொழி கற்பித்த மோஷி இனகாகி 1941 டிசம்பரில் பிடிக்கப்பட்டு முகாமில் அடைக்கப்பட்டார். ஆஸ்திரேலியப் பெண்ணை மணந்து அங்கேயே வாழ்ந்தவர் அவர். அவர் முகாமில் இருந்தபோதே மனைவி இறந்துபோனார். போர் முடிந்தபின் அவர் ஜப்பானுக்கு அனுப்பப்பட்டார். மொழியைச் சொல்லிக் கொடுத்தவருக்குக் கிடைத்த பரிசு இதுதான்!

மறுபக்கம், ஜப்பானியரிடம் சிறைப்பட்ட ஆஸ்திரேலிய வீரர்கள் சுமார் 22,000 பேர். அவர்களில் மூன்றில் ஒருவர் உயிரோடு திரும்பவில்லை. இப்படிப்பட்ட இரண்டு நாடுகள் போர் முடிந்து 12 ஆண்டுகளில் வணிக ஒப்பந்தம் செய்துகொண்டன என்றால் நம்ப முடிகிறதா? 1957 ஜூலை 6 அன்று ஹகோனே நகரில் ஆஸ்திரேலிய வணிக அமைச்சர் ஜான் மெக்கீவனும் ஜப்பானியப் பிரதமர் கிஷி நொபுசுகேயும் கையெழுத்திட்டார்கள். மற்ற நாடுகளுக்குத் தரும் அதே வரிச் சலுகை ஜப்பானுக்கும் கிடைத்தது. ஆஸ்திரேலியக் கம்பளிக்கும் கோதுமைக்கும் ஜப்பான் வாசல் திறந்தது. உள்நாட்டில் எதிர்ப்பு பலமாக இருந்தும் அரசு பின்வாங்கவில்லை. 1960-ல் இரும்புத் தாது மீதான தடையும் தளர்ந்தது. 1966-67-ல் பிரிட்டனைத் தாண்டி, ஆஸ்திரேலியப் பொருட்களை அதிகம் வாங்கும் நாடாக ஜப்பான் ஆனது. சுமார் 40 ஆண்டுகள் கழித்து சீனா முந்தும்வரை அந்த இடம் ஜப்பானுக்கே.

இப்போது பல்கலைக்கழகங்களின் வேலையும் மாறியது. 1965-ல் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் ஜாய்ஸ் அக்ராய்ட் ஜப்பானிய மொழித் துறையின் முதல் பேராசிரியரானார். 1957 ஒப்பந்தம் உருவானபோது வணிகத் துறைச் செயலாளராக இருந்த ஜான் க்ராஃபோர்ட், பின்னாளில் ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார். அங்கே ஜப்பானுடனான பொருளாதார உறவை ஆராயும் திட்டம் 1970-களில் தொடங்கியது. ஜப்பானியப் பொருளாதார அறிஞர் ஒகிதா சபுரோவும் க்ராஃபோர்டும் சேர்ந்து உழைத்தார்கள். 1980-ல் அது ஆஸ்திரேலியா-ஜப்பான் ஆராய்ச்சி மையமாக உயர்ந்தது. அந்த ஆண்டு கான்பெராவில் நடந்த கருத்தரங்கில் விதைத்தவை, 1989-ல் ஏபெக் அமைப்பு பிறப்பதற்கும் உதவின.

மர்டாக்கின் வகுப்பு எதிரியைக் கண்காணிக்கத் தொடங்கியது. அதனால் போர் நிற்கவில்லை, இனகாகியின் சிறைவாசமும் நிற்கவில்லை. மொழி தெரிந்தால் மட்டும் நட்பு வந்துவிடாது என்பதற்கு இதுவே சாட்சி. ஆனால் இரு நாட்டுக்கும் லாபம் தரும் வணிகம் வந்தபோது, அந்த மொழிக்குப் புதிய வேலை கிடைத்தது. ஒட்டுக் கேட்பதற்காகப் படித்த மொழி, உட்கார்ந்து பேசுவதற்கான மொழியானது.