எவர் பிழை?

1835ஆம் ஆண்டிலே, இங்கிலாந்தின் லிங்கன்சயர்ப் பகுதியில், இறைச்சி வணிகர் ஒருவரிடம் வேலைசெய்து வந்த சாள்ஸ் பிறீஸ்லி என்னும் இளைஞன், எசமானின் சரக்கேற்றிய வண்டியிற் சென்றுகொண்டிருந்தான். அளவுக்கு மிஞ்சிப் பாரம் ஏற்றப்பட்ட அவ்வண்டி நடுவழியில் முறிந்தது. பிறீஸ்லியின் தொடையெலும்பும் முறிந்தது. அவன் சார்பில் எசமான்மீது வழக்குத் தொடரப்பட்டது; யூரிமார் 100 பவுண் நட்டஈடு வழங்கத் தீர்த்தனர். ஆயினும் 1837ஆம் ஆண்டில் மேல்மன்றம் அத்தீர்ப்பைத் தள்ளிவிட்டது. வண்டியின் நிலையை எசமானைவிட வேலைக்காரனே நன்கு அறிந்திருக்கக்கூடும்; ஆபத்து உண்டென்று கண்டால் அவன் அவ்வேலையைச் செய்ய மறுத்திருக்கலாம் என்பதே நீதிபதிகள் காட்டிய நியாயம்.

இந்த ஒரு வழக்கின் வித்திலிருந்து, இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் மூன்று கோட்பாடுகள் வளர்ந்தன. ஆபத்தை அறிந்து வேலைக்கு வந்தவன் அதன் விளைவையும் ஏற்றுக்கொண்டவனாவான் என்பது ஒன்று. தொழிலாளியின் பக்கத்திற் சிறிதளவு கவனயீனம் இருப்பினும் அவனுக்கு எதுவும் கிடையாது என்பது இரண்டாவது. உடன்வேலையாளின் பிழையால் நேர்ந்த காயத்துக்கு முதலாளி பொறுப்பாளியல்லர் என்பது மூன்றாவது. இம்மூன்று மதில்களையும் தாண்டி நீதிமன்றத்தில் வெற்றி காண்பது மிகச் சிலருக்கே இயன்றது. கையை இழந்த நெசவாளியும், கணவனை இழந்த சுரங்கத் தொழிலாளியின் மனைவியும், முதலில் ‘எவர் பிழை?’ என்ற கேள்விக்கு விடை சொல்ல வேண்டியிருந்தது. அதற்கு விடை சொல்லி முடிவதற்குள் வறுமை வீட்டினுள் வந்து அமர்ந்துவிடும்.

இக்கோட்பாடுகளுக்கு அடியில் ஒரு நம்பிக்கை இருந்தது. விபத்துக்களிற் பெரும்பாலானவை தொழிலாளரின் கவனயீனத்தாலேயே நேர்கின்றன என்பதே அது. ஆலை மேற்பார்வையாளர் அதைக் கூறினர், பலர் நம்பினர். ஆனால் உண்மையில் எத்தனை விபத்துக்கள், எவ்வெக் காரணங்களால் நிகழ்ந்தன என்று முறையாக எண்ணிப் பார்த்தவர் அரியர். அந்தப் பணியை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேற்கொண்டவர் ஓர் இளம் பெண்.

கிறிஸ்ரல் ஈஸ்ற்மன் 1881ஆம் ஆண்டு அமெரிக்காவிற் பிறந்தவர். தாய், தந்தை இருவரும் கிறிஸ்தவ சமயப் போதகர்கள். 1907ஆம் ஆண்டிற் சட்டக் கல்வியை முடித்தார். அக்காலத்திற் போல் கெலொக் என்பார் ரசல் சேஜ் நிறுவகத்தின் பொருளுதவியோடு பிற்ஸ்பேர்க் நகரத்து மக்களின் வாழ்க்கை நிலையை ஆராயத் தொடங்கியிருந்தார். உருக்கு உலைகளும் நிலக்கரிச் சுரங்கங்களும் புகையிரதப் பாதைகளும் நெருங்கிய அந்நகரில், தொழில் விபத்துக்களை ஆராயும் பொறுப்பு ஈஸ்ற்மனிடம் ஒப்படைக்கப்பட்டது.

அவர் மரண விசாரணை அதிகாரியின் பதிவேடுகளிலிருந்து தமது பணியைத் தொடங்கினார். 1906 யூலை முதல் 1907 யூன் வரையான ஓராண்டில், பிற்ஸ்பேர்க் நகரை உள்ளடக்கிய அலிகெனி மாவட்டத்தில் மாத்திரம் 526 பேர் வேலையில் இறந்திருந்தனர். அவர்களுள் 195 பேர் உருக்காலைத் தொழிலாளர். 125 பேர் புகையிரத ஊழியர். 71 பேர் சுரங்கத் தொழிலாளர். எஞ்சிய 135 பேர் பிற தொழில் செய்தவர்கள். பெரும்பாலோர் நாற்பது வயதை எட்டாதவர்கள். பதிவேட்டோடு அவர் நின்றுவிடவில்லை. உதவியாளர் சிலருடன் இறந்தோரின் இல்லங்களுக்கும், உடன் வேலைசெய்தோரிடமும், ஆலைகளுக்கும் சென்று, ஒவ்வொரு விபத்தும் எப்படி நேர்ந்தது, அதன்பின் அக்குடும்பத்துக்கு என்ன நேர்ந்தது என்று கேட்டறிந்தார். ஒரு காலாண்டில் மருத்துவமனைகளிற் சேர்க்கப்பட்ட காயமுற்றோரின் வரலாறுகளையும் அவ்வாறே திரட்டினார்.

1910ஆம் ஆண்டில் ‘தொழில் விபத்துக்களும் சட்டமும்’ என்ற பொருள்பட வெளிவந்த அவரது நூல், பழைய நம்பிக்கையை எண்களால் உடைத்தது. தொழிலாளியின் பிழை மட்டுமே காரணமான விபத்துக்கள் மொத்தத்தில் ஒரு பகுதியே என்பதும், முதலாளியின் பொறுப்பிலுள்ள குறைகளாலும், எவர் பிழையுமன்றித் தொழிலின் இயல்பாலும் நேர்ந்தவை பல என்பதும் தெளிவாயின. ‘கவனயீனம்’ என்ற சொல்லையும் அவர் அப்படியே விட்டுவிடவில்லை. உருக்காலையிற் பலர் நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணிநேரம் வேலை செய்தனர். இரவு முறையும் பகல் முறையும் மாறும் நாளில் இருபத்து நான்கு மணிநேரம் தொடர்ந்து நிற்பதும் உண்டு. உலையின் வெப்பமும் இயந்திரத்தின் இரைச்சலும் வேலையின் வேகமும் சூழ்ந்திருக்க, களைத்த கண் ஒரு கணம் தவறுமாயின், அதனை மனிதனின் குணக்குறை என்று கூறிவிடல் தகுமா? அத்தவறு எப்பொழுதும் நிகழக்கூடியதென்று முன்னரே அறிந்து, இயந்திரத்துக்கு வேலியிடுவதும் வேலைநேரத்தைக் குறைப்பதுமே அறிவுடைமை என்பது அவரது முடிவு.

இழப்பின் பாரம் எவர்மீது விழுந்தது என்பதையும் அவர் கணக்கிட்டார். இறந்தவர்களுள் மணமானவர்களின் குடும்பங்களிற் பாதிக்கு மேற்பட்டவை முதலாளியிடமிருந்து பெற்றது 100 டொலரோ அதற்குக் குறைவோதான்; ஒன்றுமே பெறாத குடும்பங்களும் பலவாயின. உருக்கின் விலையிற் கரியின் விலை சேர்கின்றது. இயந்திரத்தின் தேய்மானமும் சேர்கின்றது. மனிதனின் கை மட்டும் ஏன் சேரவில்லை? விபத்தின் செலவு முதலாளியின் கணக்கில் ஏறாதவரை, விபத்தைத் தடுப்பதற்கு அவருக்குத் தூண்டுதல் குறைவு. நட்டஈடும் பாதுகாப்பும் ஒரே கொள்கையின் இரு பக்கங்கள் என்ற இவ்வுண்மையே அவ்வாராய்ச்சியின் பெரும்பயன்.

1909ஆம் ஆண்டில் நியூயோர்க் மாநில ஆளுநர் சாள்ஸ் இவான்ஸ் ஹியூஸ், இவ்விடயத்தை ஆராய அமைந்த ஆணைக்குழுவுக்கு ஈஸ்ற்மனை நியமித்தார். அதில் இடம்பெற்ற ஒரே பெண் அவரே, செயலாளராகவும் பணிபுரிந்தார். அதன் பயனாக 1910ஆம் ஆண்டில், ஆபத்தான தொழில்களிற் பிழை எவருடையது என்று வினவாமலே நட்டஈடு வழங்கும் சட்டம் பிறந்தது. ஆனால் 1911 மார்ச் 24ஆம் நாள் அம்மாநிலத்தின் உயர்மன்று அச்சட்டம் செல்லாதெனத் தீர்த்தது. பிழை செய்யாத முதலாளியிடமிருந்து பணம் பெறுவது அவரது உடைமையைப் பறிப்பதாகும் என்பது மன்றின் கருத்து.

மறுநாள், மார்ச் 25, சனிக்கிழமை. நியூயோர்க் நகரில் ட்ரையாங்கிள் என்னும் சட்டைத் தொழிற்சாலையில் தீப்பற்றியது. வெளியேறும் கதவொன்று பூட்டப்பட்டிருந்தது. 146 பேர் மாண்டனர். பெரும்பாலோர் இளம் பெண்கள். எரியும் மாடியிலிருந்து அவர்கள் குதித்து வீழ்ந்ததை வீதியில் நின்று கண்டவர்களுள் பிரான்சிஸ் பேர்க்கின்ஸ் என்பவரும் ஒருவர். அவர் பின்னர் 1933இல் அமெரிக்காவின் தொழில் அமைச்சரானார். தீர்ப்பும் தீயும் அடுத்தடுத்த நாட்களில் நிகழ்ந்தமை மக்கள் மனத்தைக் கலக்கியது. 1913இல் நியூயோர்க் மக்கள் தம் அரசியலமைப்பையே திருத்த வாக்களித்தனர். 1914இல் புதிய நட்டஈட்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 1917இல் நாட்டின் உயர்நீதிமன்றமும் அதனை ஏற்றது. மாநிலங்கள் ஒவ்வொன்றாய் இவ்வழி வந்தன. இறுதியாக மிசிசிப்பி 1948இல் வந்து சேர்ந்தது.

ஐரோப்பா இவ்வழியில் முந்தியது. ஜேர்மனி 1884ஆம் ஆண்டிலேயே விபத்துக் காப்புறுதிச் சட்டத்தை இயற்றியிருந்தது. அங்கே முதலாளிமாரின் சங்கங்களே பணத்தைச் செலுத்தின. விபத்துத் தடுப்பு விதிகளை வகுக்கும் அதிகாரமும் அவற்றுக்கே அளிக்கப்பட்டது. பிரித்தானியா 1897இல் தன் சட்டத்தை இயற்றியது. அதன் சாயலில் இந்தியா 1923இலும், இலங்கை 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் மூலமும் அக்கொள்கையை ஏற்றன.

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் நீதியரசர் வில்லியம் மெரெடித் 1913இல் அளித்த அறிக்கை இவற்றுள் தனிச்சிறப்புடையது. தொழிலாளி வழக்குத் தொடரும் உரிமையைக் கைவிடுகின்றான். பதிலுக்கு, பிழை வினவப்படாமல் உறுதியான உதவியைப் பெறுகின்றான். முதலாளிமார் அனைவரும் கூடி ஒரு பொது நிதிக்குப் பணம் செலுத்துகின்றனர். நீதிமன்றமன்று, தனிச்சபை ஒன்றே முடிவு கூறும். 1914இற் சட்டமாகி, 1915 சனவரி முதல் நடைமுறைக்கு வந்த இந்த உடன்பாடு, கனடா முழுவதற்கும் முன்மாதிரியாயிற்று.

இத்துடன் ‘எவர் பிழை?’ என்ற கேள்வி ஓய்ந்தது. ஆனால் அதன் இடத்தில் எழவேண்டிய மற்றொரு கேள்வி நெடுங்காலம் எழவில்லை. பணம் பெற்ற தொழிலாளி மீண்டும் வேலைக்குச் செல்வது எப்படி? சட்டம் விரலுக்கு இவ்வளவு, கைக்கு இவ்வளவு என்று விலை வகுத்தது. அம்மனிதன் நாளைக் காலையில் எங்கே செல்வான் என்று கேட்கவில்லை. முதல் உலகப்போரிற் காயமுற்ற படைவீரருக்குத் தொழிற்பயிற்சி அளித்த அநுபவத்தைக் கொண்டு, அமெரிக்கா 1920இற் பொதுமக்களுக்கும் அத்தகைய சட்டத்தை இயற்றியது. சர்வதேசத் தொழில் தாபனம் 1955இல் ஊனமுற்றோரின் தொழில்சார் புனர்வாழ்வு பற்றிய பரிந்துரையை ஏற்றது. எனினும் சாதாரண முதுகுவலியுற்றோருக்கு வைத்தியர் கூறிய மருந்து பெரும்பாலும் ஓய்வாகவே இருந்தது.

இங்கும் எண்ணிப் பார்த்தவர்களே கண்ணைத் திறந்தனர். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 1987இல் வெளிவந்த முதுகெலும்பு நோய் பற்றிய குழுவின் அறிக்கை, ஆறு மாதத்துக்கு மேல் வேலைக்குத் திரும்பாதோர் நூற்றுக்கு எட்டுப் பேருக்கும் குறைவே என்றும், நட்டஈட்டுச் செலவில் ஏறத்தாழ முக்காற்பங்கு அவர்களுக்கே ஆகின்றது என்றும் காட்டியது. நாள் நீள நீளத் திரும்பும் வழி அடைபடுகின்றது என்பது புலனாயிற்று. 1995இற் பின்லாந்தின் ஹெல்சிங்கி நகரசபை ஊழியர் 186 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வில், படுக்கையிற் கிடந்தோரையும் சிறப்புப் பயிற்சி செய்தோரையும்விட, வலி இடந்தரும் அளவுக்கு வழக்கமான அலுவல்களைச் செய்தோரே விரைந்து தேறினர்.

1997இற் கியூபெக்கின் ஷெர்புறூக் நகரில் பற்றிக் லுவாசெல் என்னும் மருத்துவரும் குழுவினரும் வெளியிட்ட ஆய்வு மேலும் ஒரு படி சென்றது. 31 வேலைத்தலங்களில், முதுகுவலியால் நான்கு வாரத்துக்கு மேல் வேலைக்கு வராத 130 தொழிலாளர் அதிற் பங்குகொண்டனர். சிலருக்கு மருத்துவ உதவியோடு வேலைத்தலத்தையும் திருத்தும் முறை கையாளப்பட்டது. வேலையின் அமைப்பை ஆராயும் வல்லுநர் ஒருவர் தொழிற்சாலைக்கே சென்றார். தொழிலாளி, மேற்பார்வையாளர், தொழிற்சங்கத்தின் பிரதிநிதி, நிருவாகத்தின் பிரதிநிதி ஆகியோர் கூடி, எந்த வேலை முதுகை வருத்துகின்றது, அதனை எவ்வாறு மாற்றலாம் என்று பார்த்தனர். இருவகை உதவியும் பெற்றோர், வழக்கமான சிகிச்சை பெற்றோரைவிட ஏறத்தாழ 2.4 மடங்கு விரைவாகத் தம் பழைய வேலைக்குத் திரும்பினர். நோயாளியின் முதுகை மாத்திரமன்றி, அவன் தூக்கும் பெட்டியையும் நிற்கும் மேடையையும் பார்க்க வேண்டும் என்பது இதனால் நிறுவப்பட்டது.

ரொறன்ரோவிலுள்ள தொழில், சுகாதார ஆய்வு நிறுவகம் 2007இல் இத்தகைய ஆய்வுகளைத் திரட்டி, வேலைக்குத் திரும்புதற்கான ஏழு நெறிகளை வெளியிட்டது. காயமுற்றவரோடு முதலாளி விரைவிலும் அன்போடும் தொடர்பு கொள்ளல், அவர் செய்யத்தக்க திருத்திய வேலையை வழங்கல், அதனால் உடன்வேலையாட்களுக்குப் பாரம் ஏறாதிருக்கச் செய்தல் என்பன அவற்றுட் சில. இவற்றில் ஓர் எச்சரிக்கையும் அடங்கியுள்ளது. விரைந்து திரும்புதல் நன்று என்ற உண்மையைக் காட்டி, ஆறாத காயத்தோடு ஒருவரை வேலைக்கு இழுப்பதும், காப்புறுதிக் கட்டணம் ஏறுமே என்றஞ்சி விபத்தைப் பதியாது மறைப்பதும் அக்கொள்கையைக் கெடுப்பனவாகும். எண்ணப்படாத காயம் தடுக்கப்படுவதுமில்லை.

அந்த எண்ணிக்கை இன்றும் சிறிதன்று. ஆண்டுதோறும் உலகில் ஏறத்தாழ 29 இலட்சம் பேர் தொழில்சார் நோய்களாலும் விபத்துக்களாலும் இறக்கின்றனர் என்பது சர்வதேசத் தொழில் தாபனம் 2023இல் வெளியிட்ட மதிப்பீடு. அவற்றுள் விபத்துக்களால் நேர்வன ஏறத்தாழ 3 இலட்சத்து 30 ஆயிரம். எஞ்சியவை நோய்களால், ஓசையின்றி நிகழ்வன.

சாள்ஸ் பிறீஸ்லியின் முறிந்த வண்டியைச் சுற்றி நின்று நீதிபதிகள் கேட்டது ஒரே கேள்வி: எவர் பிழை? ஈஸ்ற்மனும் அவர் வழி வந்தோரும் அதே வண்டியின் அருகே நின்று வேறு கேள்விகளைக் கேட்கக் கற்பித்தனர். அதில் எவ்வளவு பாரம் ஏற்றப்பட்டது? அத்தகைய வண்டிகள் ஆண்டில் எத்தனை முறிகின்றன? அடுத்த வண்டி முறியாதிருக்கச் செய்யவேண்டியது யாது? கால் தேறிவரும் அவ்விளைஞனுக்கு இன்று கொடுக்கத்தக்க வேலை எது? முதற் கேள்வி ஒருவரைக் குற்றவாளியாக்கி முடிகின்றது. பின்னைய கேள்விகளோ, மாலையில் ஒரு தொழிலாளியை முழு உடலோடு வீட்டுக்கு அனுப்பிவைக்கின்றன.