பெரிய எழுத்தா, சின்ன எழுத்தா? டொமைன் பெயருக்குள்ள ஒளிஞ்சிருக்கிற 32

இன்னைக்குக் கதை ஒரு 'எஸ்' எழுத்தில் இருந்து தொடங்குது.

1996-ல, டெக்னாலஜி ஆட்கள் ஒருத்தரை ஒருத்தர் கேள்வி கேட்டு பதில் வாங்குறதுக்கு ஒரு தளம் வந்தது. பேரு எக்ஸ்பர்ட்ஸ் எக்ஸ்சேஞ்ச். நல்ல பேருதான். ஆனா டொமைன் பெயரில் இடைவெளி விட முடியாதே! ரெண்டு சொல்லையும் சின்ன எழுத்தில் ஒட்டி எழுதினாங்க. நடுவுல இருக்கிற 'எஸ்' எந்தப் பக்கம்? முதல் சொல்லோட சேர்ந்தா 'நிபுணர்கள்'. ரெண்டாவது சொல்லோட சேர்ந்தா 'எக்ஸ்பர்ட் செக்ஸ் சேஞ்ச்'. இணையமே சிரிச்ச பிறகு, நடுவில் ஒரு ஹைஃபன் போட்ட பெயருக்கு மாறினாங்க.

போஸ்டரிலும் விளம்பரத்திலும் ரெண்டு சொல்லோட முதல் எழுத்தையும் கேப்பிடல்ல போட்டிருந்தா யாருக்கும் குழப்பம் வந்திருக்காது. அட்ரஸ் மாறாது, அதே தளத்துக்குத்தான் போகும். டொமைன் பெயரைப் பொறுத்தவரை பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் ஒண்ணு. இது தானா நடந்த விஷயம் இல்லை. ஒரு காலத்தில் உட்கார்ந்து எடுத்த முடிவு.

கேப்பிடல் மட்டுமே தெரிஞ்ச மெஷின்

முதல்ல கொஞ்சம் பின்னாடி போவோம். பழைய லத்தீன் கையெழுத்துப் பிரதிகளில் சொற்களுக்கு நடுவே பெரும்பாலும் இடைவெளி இருக்காது. வாசிக்கிறவர்தான் பிரிச்சுப் படிக்கணும். 7-ம் நூற்றாண்டு வாக்கில் அயர்லாந்துத் துறவிகள் இடைவெளி விட்டு எழுத ஆரம்பிச்சாங்க. 8-ம் நூற்றாண்டின் கடைசியில், சார்லமேன் காலத்தில், தெளிவான சின்ன எழுத்துகள் ஐரோப்பா முழுக்கப் பரவுச்சு. பிறகு அச்சுக்கூடம் வந்தது. ஈய எழுத்துகளை அடுக்கி வைக்க ரெண்டு பெட்டி. மேல் பெட்டியில் பெரிய எழுத்து, கீழ்ப் பெட்டியில் சின்ன எழுத்து. நாம இன்னைக்கும் சொல்ற 'அப்பர் கேஸ்', 'லோயர் கேஸ்' அந்தப் பெட்டிகள்தான்.

இப்போ நேரா 1963-க்கு வாங்க. அந்த வருஷம் ஆஸ்கி என்கிற எழுத்துக் குறியீட்டின் முதல் பதிப்பு வந்தது. அதில் சின்ன எழுத்தே கிடையாது! அதே காலத்தில் வந்து பிரபலமான டெலிடைப் மாடல் 33 மெஷினும் கேப்பிடல் மட்டும்தான் அடிக்கும். 1967-ல ஆஸ்கியைத் திருத்தினப்போதான் சின்ன எழுத்துகள் முறையா உள்ளே வந்தது. பெரிய 'ஏ'-க்கு எண் 65, சின்ன 'ஏ'-க்கு 97. வித்தியாசம் 32. எந்த எழுத்தை எடுத்தாலும் இதே 32 தான். பைனரியில் பார்த்தா ஒரே ஒரு பிட். அதை மாத்தினா பெரிய எழுத்து சின்னதாகும், சின்னது பெரிசாகும். இந்த 32-ஐ ஞாபகம் வச்சுக்கோங்க, கடைசியில் வேற வேஷத்தில் திரும்ப வரும்.

இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட்டில் எல்லா கம்ப்யூட்டர் பெயர்களும் ஒரே ஃபைலில் இருந்தது. கலிஃபோர்னியாவில், எலிசபெத் ஃபைன்லர் தலைமையில் இயங்கின நெட்வொர்க் தகவல் மையம் அதைப் பராமரிச்சது. ஒரு பக்கம் கேப்பிடல் மட்டுமே தெரிஞ்ச டெர்மினல்கள். இன்னொரு பக்கம் சின்ன எழுத்திலேயே வாழ்ற யூனிக்ஸ் ஆட்கள். பெரிய எழுத்து வேற பெயர், சின்ன எழுத்து வேற பெயர்னு விதி வச்சிருந்தா, பாதிப் பேரால் மத்தவங்க மெஷின் பெயரை டைப் பண்ணவே முடியாது. அதனால ரெண்டும் ஒண்ணுன்னு வச்சாங்க. பெயருக்குள்ள இடைவெளி கூடாதுங்கிறதும் இந்த ஃபைலோட விதிதான்.

நெட்வொர்க் வளர வளர ஒரே ஃபைல் தாங்கலை. 1983-ல பால் மொக்காபெட்ரிஸ் டிஎன்எஸ்-ஐ வடிவமைச்சார். 1987-ல அதன் திருத்தின விதிகள் வந்தது. இன்னைக்கு வரைக்கும் அதுதான் அடித்தளம். அதில் அழகான ஒரு விஷயம் இருக்கு. ரெண்டு பெயரை ஒப்பிடும்போது எழுத்தின் அளவைக் கண்டுக்காதே. ஆனா யாராவது ஒரு பெயரைப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் கலந்து கொடுத்தா, முடிஞ்ச வரைக்கும் அதை அப்படியே பத்திரமா வை. நாளைக்கு வேற வகைப் பெயர்கள் வரலாம், இப்பவே வழியை அடைக்க வேண்டாம்னு காரணம் சொன்னாங்க.

மெஷினுக்கு எது ஆனாலும் சரி, எப்படி எழுதுறதுன்னு மனுஷன் முடிவு பண்ணிக்கலாம். அந்த விதியோட பலன் இதுதான்.

ஒட்டகத்தின் திமில்

அந்தச் சுதந்திரத்தை விளம்பர ஆட்கள் நல்லாவே பயன்படுத்தினாங்க. ஒவ்வொரு சொல்லோட முதல் எழுத்தையும் பெரிசாக்கினா, ஒட்டகத்தின் திமில் மாதிரி நடுநடுவே மேடு தெரியும். புரோகிராமர்கள் இதை கேமல் கேஸ்னு சொல்லுவோம். இடைவெளியே இல்லாத இடத்தில் இடைவெளியோட வேலையைச் செய்றது இந்த மேடுதான்.

இதைச் செய்யாம விட்டா என்ன ஆகும்? ஹேஷ்டேகிலும் இதே நோய்தான். 2013 ஏப்ரலில் பிரிட்டனின் முன்னாள் பிரதமர் மார்கரெட் தாட்சர் இறந்தார். 'நவ் தாட்சர்ஸ் டெட்'னு ஒரு ஹேஷ்டேக் சின்ன எழுத்தில் ஓடுச்சு. நிறைய பேர் அதை 'நவ் தட் ஷெர்'ஸ் டெட்'னு பிரிச்சுப் படிச்சாங்க. பாவம், உயிரோட இருந்த பாடகி ஷெருக்கு ரசிகர்கள் அழுது தீர்த்தாங்க.

சிரிப்பை விட முக்கியமான விஷயம் ஒண்ணு இருக்கு. பார்வைக் குறைபாடு உள்ளவங்க பயன்படுத்துற ஸ்கிரீன் ரீடர், ஒட்டி எழுதின சின்ன எழுத்துகளைப் பார்த்தா ஒரே நீளமான சொல்லா நினைச்சு உளறும். நடுவுல கேப்பிடல் இருந்தா பல ஸ்கிரீன் ரீடர்கள் சரியாப் பிரிச்சு வாசிக்கும். உங்களுக்கு ஒரு ஷிஃப்ட் கீ. அவங்களுக்குப் புரியுறதும் புரியாததும் அதில்தான் இருக்கு.

திருடனுக்கும் அதே சாவி

அப்படின்னா பிரவுசர் மட்டும் ஏன் எல்லாத்தையும் சின்ன எழுத்தா மாத்திடுது? அட்ரஸ் பாரில் கேப்பிடல்ல ஒரு டொமைன் அடிச்சுப் பாருங்க, என்ட்டர் தட்டின உடனே சின்னதாகிடும்.

2000-ல நடந்ததைக் கேளுங்க. பேபால் பெயரில் ஒரு மோசடி மெயில் வந்தது. அதில் இருந்த அட்ரஸ் அச்சு அசல் பேபால் மாதிரியே தெரிஞ்சது. ஆனா கடைசி எழுத்து சின்ன 'எல்' இல்லை, கேப்பிடல் 'ஐ'. ஏரியல் மாதிரி எழுத்துருக்களில் ரெண்டும் ஒரே குச்சிதான்! கிளிக் பண்ணா பேபாலை அப்படியே காப்பியடிச்ச போலித் தளம். நம்பி பாஸ்வேர்ட் போட்டா அது திருடன் கைக்குப் போகும்.

சின்ன எழுத்தில் போட்டிருந்தா அந்த 'ஐ' தலையில் புள்ளியோட நின்னிருக்கும், குட்டு வெளிப்பட்டிருக்கும். சின்ன எழுத்தாக்குறது பிரவுசருக்கு ஒப்பிடுற வசதிக்காகவும்தான். ஆனா இந்த ஏமாத்து வேலைக்கு அதுவே ஒரு தடுப்பாகவும் இருக்கு. நம்ம வீட்டுப் பெரியவங்களுக்கு பேங்க் பேர்ல வர்ற லிங்க் இருக்கு பாருங்க, அவசரத்தில் அதைத் தொடுறப்போ அவங்களுக்கும் பணத்துக்கும் நடுவுல நிக்கிறது சில சமயம் அந்தப் புள்ளி மட்டும்தான்.

திரும்ப வந்த 32

2008-ல டான் கமின்ஸ்கி டிஎன்எஸ்ஸில் ஒரு பெரிய ஓட்டையைக் காட்டினார். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு அடையாள எண் உண்டு. மொத்தமே 65,536 வாய்ப்புதான். அதை ஊகிச்சு, உண்மையான பதிலுக்கு முன்னாடியே பொய்ப் பதிலைத் திணிக்கலாம். இதுக்கு வந்த தீர்வுகளில் ஒண்ணு செம புத்திசாலித்தனமானது. கேள்வியில் வர்ற டொமைன் பெயரின் எழுத்துகளை இஷ்டத்துக்குப் பெரிசும் சின்னதுமா கலைச்சு அனுப்பு. பெரும்பாலான சர்வர்கள் கேள்வியை அப்படியே நகலெடுத்துத்தான் பதிலோட அனுப்பும். கலைச்ச மாதிரியே திரும்பி வரலைன்னா, பதில் பொய். 10 எழுத்து இருந்தா திருடனுக்கு வேலை 1,024 மடங்கு கூடும். இதுக்குப் பேரு '0எக்ஸ்20'. ஹெக்ஸாடெசிமல் 20-ஐ நம்ம கணக்கில் எழுதினா 32!

'அளவைக் கண்டுக்காதே, ஆனா பத்திரமா வை'ன்னு 1987-ல எழுதி வச்சது, 20 வருஷம் கழிச்சு ஒரு பூட்டாச்சு.

நம்ம எழுத்தில்?

தமிழில் பெரிய எழுத்தே இல்லை. ஆனா தமிழ் டொமைன் இருக்கு. இந்தியா, இலங்கை, சிங்கப்பூர் மூணுக்கும் தமிழிலேயே எழுதின முடிவுப் பெயர் உண்டு. அங்கே ஒட்டி எழுதினா திமில் போட வழியில்லை, ஹைஃபன் ஒண்ணுதான். ஸ்கூல்ல படிச்ச பொதுமொழி ஞாபகம் இருக்கா? 'பலகை' ஒரே சொல்லாவும் நிக்கும், 'பல கை'ன்னும் பிரியும். ஓலைச்சுவடியில் இடைவெளியும் இல்லாம, பெரும்பாலும் புள்ளியும் இல்லாம இருந்ததைப் பிரிச்சுப் படிச்சுத்தான் உ.வே.சா. 1887-ல சீவக சிந்தாமணியைப் பதிப்பிச்சார். அந்தப் பிரிக்கிற வேலையை யாராவது ஒருத்தர் செஞ்சுதான் ஆகணும். எழுதுறவர் செய்யலைன்னா, பாரம் வாசிக்கிறவர் தலையில்.

அதனால போஸ்டரிலும் விசிட்டிங் கார்டிலும் டொமைன் பெயரைத் தாராளமா திமிலோட போடுங்க. ஸ்லாஷுக்குப் பின்னாடி வர்றதை மட்டும் தொடாதீங்க, நிறைய சர்வரில் அங்கே பெரிய எழுத்து வேற, சின்ன எழுத்து வேற. பணம், பாஸ்வேர்ட்னு வந்துட்டா மெயிலில் பார்த்ததை நம்பாம, அட்ரஸ் பாரில் சின்ன எழுத்தில் ஒருமுறை படிச்சுப் பாருங்க.

நீங்க பார்த்ததிலேயே தப்பாப் பிரிச்சுப் படிச்ச டொமைன் பெயர் எதுன்னு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!