நானோ இழைச் சாரம்

நானோ இழைச் சாரம் என்பது, சிதைந்த திசு மீண்டும் வளர்வதற்காகச் செயற்கையாக நூற்கப்படும் மெல்லிய இழைப்படலம். திசுக்களிலுள்ள செல்கள் கொலாஜன் முதலிய புரத இழைகளின் பின்னலைப் பற்றிக்கொண்டுதான் படர்கின்றன. அந்த இழைகளின் தடிமன் பெரும்பாலும் 50 முதல் 500 நானோமீட்டர். தலைமயிரோ ஏறத்தாழ 80,000 நானோமீட்டர். கட்டடம் எழும்பியதும் சாரத்தைப் பிரிப்பதுபோல, திசு உருவானபின் இந்தப் படலமும் மறைந்துவிட வேண்டும். ஆகவே உடலுக்குள் தானே சிதையும் பாலிகாப்ரோலாக்டோன், பி.எல்.ஜி.ஏ., ஜெலட்டின், பட்டுப் புரதம் போன்றவையே மூலப்பொருள்கள்.

இதைச் செய்யப் பெரிதும் பயன்படுவது மின்நூற்பு. பாலிமர் கரைசலைச் சிரிஞ்சின் ஊசி வழியே மெல்லத் தள்ளுவார்கள். ஊசிக்கும் எதிரிலுள்ள உலோகத் தகட்டுக்கும் இடையே 10 முதல் 30 கிலோவோல்ட் மின்னழுத்தம் இருக்கும். முனையில் திரளும் துளி கூம்பாக நீண்டு, தாரையாகப் பீறிட்டு, சாட்டைபோல் சுழன்று மெலியும். வழியிலேயே கரைப்பான் ஆவியாகிவிட, தகட்டில் உலர்ந்த இழை படியும். ஆன்டன் ஃபார்ம்ஹால்ஸ் 1934-இல் இதற்குக் காப்புரிமை பெற்றது ஜவுளிக்காக. மருத்துவம் இதைப் பரவலாகக் கையிலெடுக்கப் பல பத்தாண்டுகள் ஆயின.

தமிழ்நாட்டில் இத்துறையில் குறிப்பிடத்தக்க பணி தஞ்சாவூர் சாஸ்த்ரா பல்கலைக்கழகத்தில் நடந்துள்ளது. அங்கு சுவாமிநாதன் சேதுராமன், உமா மகேஸ்வரி கிருஷ்ணன் குழுவினர் நரம்பு மீளுருவாக்கத்துக்கான பி.எல்.ஜி.ஏ. இழைகளை ஆராய்ந்து 2011-இல் முடிவுகளை வெளியிட்டனர். தாறுமாறாகப் படிந்த இழைகளைவிட ஒரே திசையில் அமைந்தவற்றில், நரம்பிழைகளைச் சூழ்ந்திருக்கும் ஷ்வான் செல்கள் இழைப்போக்கிலேயே நீண்டு நன்கு வளர்ந்தன. இழையின் தடிமன் மட்டும் போதாது, அது ஓடும் திசையும் செல்லுக்கு வழிகாட்டுகிறது என்பதால் இது முக்கியமானது. அறுந்த நரம்பு மறுமுனையைத் தேடி வளர வேண்டியது ஒரே திசையில்தானே.

இதே மின்நூற்பு வயலுக்கும் வந்துள்ளது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், ஹெக்சனால் என்னும் வேதிப்பொருள் பொதிந்த நானோ இழைகளால் மாம்பழம் விரைவில் கெடாமல் காக்கும் ஆய்வைக் கோயம்புத்தூரில் நடத்தியது. சாரம் அல்ல என்றாலும் நூற்கும் முறை ஒன்றே.

திசு வளர்க்கும் சாரங்களின் முதன்மையான குறை இழைகளின் நெருக்கம். செல்லின் அகலம் ஏறக்குறைய 10 மைக்ரோமீட்டர். இழைகளுக்கிடையிலான துளைகளோ பெரும்பாலும் அதைவிடச் சிறியவை. எனவே செல்கள் உள்ளே நுழையாமல் மேற்பரப்பிலேயே தங்கிவிடுகின்றன. துளையைப் பெரிதாக்க, பின்னர் நீரில் கரைந்துபோகும் இழைகளையும் சேர்த்து நூற்பதுண்டு. மிஞ்சிய கரைப்பானின் நச்சுத்தன்மை இன்னொரு கவலை.

மெல்லிய படலமே போதுமான இடங்களில் இந்தக் குறை உறுத்துவதில்லை. கண்ணின் கருவிழிப் பரப்பு அப்படிப்பட்டது. அதைச் சீரமைக்கத் தானமாகப் பெறும் பனிக்குடப் படலத்தில் செல்களை வளர்ப்பது வழக்கம். அதற்கு மாற்றாக மின்நூற்பில் செய்த பி.எல்.ஜி.ஏ. படலத்தை இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழகமும் ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் மருத்துவ நிறுவனமும் இணைந்து ஆராய்ந்தன.